ஆள் முன்னால் நின்று சொல்லுங்கள்

ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். வகுப்பு எடுக்கச் சொன்னால் எடுப்பேன், சொற்பொழிவு எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அதனால்தான் இது. படிப்பதும் படிக்காமல் மேசைக்குள் போட்டுவிடுவதும் உங்கள் விருப்பம்.

ஹூ, விச், தட், ஹூஸ் என்ற நான்கு சொற்களை வைத்து இரண்டு ஆங்கில வாக்கியங்களை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று இதில் தேடாதீர்கள். அது புத்தகத்தில் இருக்கிறது, போனில் இருக்கிறது, உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு அது ஏன் தகராறு செய்கிறது என்பதையும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர்கள் மொழியில் ஆளுக்கும் பொருளுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான். அதனால் மனிதனுக்கு 'விச்' போடுவார்கள், மெஷினுக்கு 'ஹூ' போடுவார்கள். பொறுமையாகத் திருத்தினால் சரியாகிவிடும். சரியாகாமல் போனாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது. இத்தனை வருடத்தில் அந்தப் பிழையால் யாருக்கும் எதுவும் ஆகி நான் பார்த்ததில்லை. பிழையே இல்லாத ஒரு வாக்கியத்தால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆம்பூரில் ஸ்பானிஷ்காரர்களுக்கு என்ன வேலை என்று வெளியூரில் கேட்பார்கள். அவர்கள் நாட்டிலும் நம்மைப் போல ஷூ தைத்தே பிழைக்கும் ஊர்கள் உண்டு. அங்கிருந்து மெஷினும் மாடலும் இங்கே வரும். கூடவே அதை ஓட்டிக் காட்ட ஒரு ஆள் வருவார், ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்குவார். நம் லைன் சூப்பர்வைசருக்கு ஸ்பானிஷ் தெரியாது, வந்தவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான் எல்லாம் நடந்தாக வேண்டும். அந்த அரையை முக்காலாக்குவதற்காக என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என்று பஸ்ஸிலேயே என் உத்தியோகம் கழிந்தது.

ரமோன் அப்படி வந்த ஒருவர். ஸ்பெயின்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் சேர்த்து அழுத்தும் பிரஸ் மெஷின் ஒன்றோடு வந்திறங்கினார். கம்பெனி எங்களுக்கு மீட்டிங் ரூமைக் கொடுத்தது. ஏசி, புரொஜெக்டர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. மனிதர்தான் வாயைத் திறக்க மாட்டார். லண்டனில் வசிக்கும் மாமாவைப் பற்றிய பயிற்சி வாக்கியம் ஒன்று புத்தகத்தில் இருந்தது. சொல்லுங்கள் என்றால், எனக்கு லண்டனில் மாமா இல்லை என்பார். இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றால், ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பார். எனக்குச் சட்டென்று கோபம் வரும். அவருக்கும் வரும். இரண்டு பேரும் தண்ணீர் குடிப்போம்.

ஒரு நாள் சரக்கு வாங்குகிறவர்கள் வந்து அந்த அறையை எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் மெஷின் பக்கத்திலேயே நின்று வகுப்பை ஆரம்பித்தேன். அவர் மெஷின் மேல் கையை வைத்தார். "இது நான் கொண்டுவந்த மெஷின்" என்று முழு வாக்கியத்தை, ஹூவும் விச்சும் சண்டை போடாமல், ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்ததாக ஒரு ஸ்பேனரை எடுத்து, நேற்றுத் தொலைந்துபோய்க் கிடைத்த ஸ்பேனர் இது என்றார். எனக்குப் புத்தி வந்தது. இல்லாத மாமாவைப் பற்றிப் பேச வராதவருக்கு, கையில் தட்டுப்படும் பொருளைப் பற்றிப் பேச வந்தது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பு மெஷின்களுக்கு நடுவில்தான். தொட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. தொட முடியாததைப் பற்றி வாக்கியம் கிடையாது.

ஆட்களைப் பற்றிய விதி கஸ்தூரி போட்டது. அந்த பிரஸ் மெஷினை ஓட்டுகிறவள் அவள். முப்பதைத் தாண்டியவள், பேர்ணாம்பட்டு போகும் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். ரமோன் ஒரு தடவை தூரத்திலிருந்து அவளைக் கைகாட்டி, எப்போதும் கோபமாக இருக்கும் பெண் அவள் என்று ஒரு வாக்கியம் செய்தார். இலக்கணம் சரியாக இருந்தது. நான் தலையாட்டினேன். கஸ்தூரி மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இன்னா மேடம் சொல்றாரு என்னைப் பார்த்து?"

சொன்னேன்.

"என்னைப் பத்தின்னா எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க. அங்க நின்னுக்கினு கைய காட்டினா இன்னா அர்த்தம்?"

ரமோன் போய் அவள் முன்னால் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "கோவமெல்லாம் இல்ல. இந்த மெஷின் சவுண்டுல ஒண்ணும் காதுல விழல. அதான் மூஞ்சி அப்பிடி இருக்குது" என்றாள். ரமோன் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டார். என் மெஷின் போடும் சத்தத்தால் காது கேட்காமல் நிற்கும் பெண் இவள் என்றார். பக்கத்து லைனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அது எங்கள் இரண்டாவது விதியாகிவிட்டது. ஒரு ஆளைப் பற்றிச் சொல்வதானால் அந்த ஆள் முன்னால் நின்று சொல்ல வேண்டும், அவர் சரியென்று தலையாட்டினால்தான் வாக்கியம் செல்லும். ரமோன் அந்த விதியை என்னைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டார்.

விபத்து நடந்த அன்று எனக்கு அங்கே வகுப்பு இல்லை. மறுநாள் போனபோது மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கஸ்தூரியின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். ரமோன் விருந்தினர் விடுதியில் காய்ச்சல் என்று படுத்திருந்தார். லைனில் பேச்சே இல்லை. நான் போய் நின்றதும் ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தாள். அன்று வகுப்பு எடுக்காமல் திரும்பினேன்.

சில நாள் கழித்து எச்.ஆர். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று நீங்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். தொழிலாளிகளின் கல்யாணத்துக்கெல்லாம் போய் நிற்கிறவர். மெஷினுக்கு முன்னால் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது, அது மூடியிருந்தால் கை உள்ளே போகாது என்று எனக்கு விளக்கினார். டார்கெட் அவசரத்தில் அந்தக் கதவைக் கஸ்தூரியே கழட்டி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறாள் என்றார்.

"அடுத்த வாரம் விசாரணை மேடம். ஷூ வாங்கற கம்பெனியிலருந்து ஒரு ஆபீசர் வர்றாரு. அவருக்குத் தமிழ் தெரியாது. ரமோன் ஒரே ஒரு சென்டென்ஸ் இங்கிலீஷ்ல சொன்னா போதும். தப்பில்லாம சொல்லணும், அவ்ளோதான். நீங்க பழக்கிடுங்க."

வாக்கியத்தையும் அவரே சொன்னார். 'கதவைக் கழட்டிய ஆபரேட்டர் சொல்லிக்கொடுத்தபடி நடக்கவில்லை.' ஆங்கிலத்தில் 'ஹூ' போட்டு அழகாகச் சேர்த்த வாக்கியம் அது.

"அவர் பார்த்தாரா சார்?" என்று கேட்டேன்.

"பார்க்கணும்னு இல்ல மேடம். கதவு இருந்தா கை மாட்டாது. அத சொல்றதுக்கு எக்ஸ்பர்ட் போதும்."

"இத சொன்னா கஸ்தூரிக்கு என்ன ஆகும்?"

"பாவம்தான். ஆனா ரூல் இருக்குதே. வேலைல வெச்சுக்க முடியாது."

அந்த வாக்கியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு லைன் வரைக்கும் நடந்தேன். நாம் தினமும் கற்றுக்கொடுக்கிற விஷயத்தின் வேலை என்ன என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கஸ்தூரி கதவைக் கழட்டினாள் என்று தனியாகச் சொன்னால், கேட்கிறவர் உடனே யார் பார்த்தது என்று கேட்பார். கதவைக் கழட்டிய ஆபரேட்டர் என்று ஆரம்பித்துவிட்டால் அதை யாரும் கேட்க மாட்டார்கள். அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயமாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் தமிழிலும் அப்படித்தான். ஓடிப்போனவன் தம்பி என்று ஒருவனைச் சொல்லிப் பாருங்கள், தம்பி எப்படியிருக்கிறான் என்றுதான் கேட்பார்களே தவிர, அண்ணன் உண்மையிலேயே ஓடினானா என்று கேட்க மாட்டார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. நீங்கள் வகுப்பில் சொல்லவும் வேண்டாம். உங்கள் மனதில் இருந்தால் போதும்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எச்.ஆர். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அவசரத்துக்குக் கதவைக் கழட்டி வைத்து ஓட்டுகிறவர்களை நான் பல கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன். அதனால் மறுக்கவும் இல்லை, சரியென்று கிளம்பவும் இல்லை. மற்ற வாக்கியங்களை எப்படிக் கற்றுக்கொடுத்தேனோ அப்படியே இதையும் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஓசையை மட்டும் பழக்குவதில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லித்தான் பழக்குவது.

ரமோன் வந்தார். முகம் வாடியிருந்தது. மெஷினைச் சுற்றியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். கழட்டிய கதவு சுவரில் சாய்ந்திருந்தது. வாக்கியத்தைச் சொன்னேன். பழக்க தோஷம், அவர் போய்க் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார். இது கதவு, சரி. கழட்டுவது என்றால் இது, சரி. ஆபரேட்டர் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஆபரேட்டர் யார்?" என்றார்.

"கஸ்தூரி."

"கதவைக் கழட்டியது கஸ்தூரி என்றா இந்த வாக்கியம் சொல்கிறது?"

"ஆமாம்."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். எதிலாவது துடைத்துக்கொள்ளத் தேடுவதுபோல் அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கேட்டார்.

"அவள் எங்கே?"

"வீட்டில்."

"அப்படியானால் வீட்டுக்குப் போவோம். அவள் முன்னால் சொல்கிறேன். இல்லையென்றால் சொல்ல மாட்டேன். நம் விதி, டீச்சர்."

நான் எச்.ஆரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், உங்கள ஒரு சென்டென்ஸ் சொல்லிக் குடுக்கச் சொன்னேன். ஊர் சுத்தச் சொல்லல. விசாரணைக்கு முன்னாடி அந்த வீட்டுக்குப் போனா நாமளே சாட்சிய கலைச்ச மாதிரி ஆயிடும். பேஜார் பண்ணாதீங்க. அடுத்த வருஷ கான்ட்ராக்ட் பேப்பரு என் டேபிள்லதான் இருக்குது, அதையும் யோசிங்க."

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இந்த வேலையில் உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. என் மகளுக்கு அப்போதுதான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. போகாமல் இருப்பதற்கு நூறு காரணம் என்னிடமே இருந்தது. மிரட்டலை ஒதுக்கிவைத்துவிட்டு நியாயத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். சாட்சியைக் கலைக்கக் கூடாது, அது சரி. அப்படியானால் அங்கே போய் நான் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. இவர் சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரக் கூடாது. அந்த எல்லையை வகுத்துக்கொண்ட பிறகு போகலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே பஸ் நிலையத்துக்குப் போனேன். ரமோன் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பஸ்ஸில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

கஸ்தூரியின் கணவர் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

"இன்னாத்துக்கு வந்துக்கிறீங்க? கையெழுத்து வாங்கறதுக்கா?"

"இல்லைங்க. இவர் கஸ்தூரிகிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம். அத தமிழ்ல சொல்றதுக்கு நான் வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல், "மேடமா? உள்ள வரச் சொல்லு" என்றது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் கட்டு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ரமோன் உட்காரவில்லை. அவளுக்கு நேராகப் போய் நின்றார். முதலில் ஸ்பானிஷில் ஆரம்பித்தார். அது பாட்டுக்கு நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது, எங்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் குறுக்கே பேசவில்லை. அவரே நிறுத்திக்கொண்டு ஆங்கிலத்துக்கு வந்தார்.

"நான் கதவை எடுத்தேன். நான் திரும்ப வைக்கவில்லை. போன் வந்தது. நான் போனேன்."

நான்கும் தனித்தனி வாக்கியம். அவற்றைச் சேர்க்கிற வித்தையைக் கற்றுக்கொடுக்கத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது. அன்றைக்கு அவர் எதையும் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கச் சொல்லவில்லை. அப்படியே தமிழில் சொன்னேன்.

பிறகு ரமோன் என்னைப் பார்த்து இன்னொன்றையும் சொன்னார். விபத்தன்று எச்.ஆர். அவர் தோளில் கைபோட்டு, கவலைப்படாதே, இது உன் மேல் வராது என்றாராம். அதை அப்படியே பிடித்துக்கொண்டு படுத்திருந்தாராம். தன் மேல் வராதது வேறு யார் மேல் போகும் என்று கேட்கவில்லையாம். நான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் சொன்னபோதுதான் தெரிந்ததாம்.

அதையும் தமிழில் சொன்னேன். கஸ்தூரியின் கணவர் சுவரைப் பார்த்து நின்றார். அவள் மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"தெரியும் மேடம். நான் பக்கத்துலதான நின்னேன். இவரு கதவ கழட்டி செவுத்துல சாத்தினாரு. இன்னாவோ ஒயர மாத்திப் போட்டாரு, கதவு இல்லாமயே ஓட்டிப் பார்த்தாரு. போன் வந்துச்சு, போய்ட்டாரு. சூப்பர்வைசர் சார் வந்தாரு. ஏம்மா சும்மா நின்னுக்கினு இருக்கற, ஓட்டுன்னாரு. கதவு இல்ல சார்னேன். அவர் வர்றதுக்குள்ள நூறு ஜோடி ஆயிடும், ஓட்டுன்னாரு. ஓட்டினேன்."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?" கேட்கக் கூடாது என்று எல்லை போட்டுக்கொண்டு வந்தவள்தான், கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். எச்.ஆர். சார் ஆப்பிள்லாம் வாங்கிக்கினு வந்தாரு. அவர்கிட்ட சொன்னேன். தலையாட்டினாரு. மறுநாள் வேற ஒரு சார் வந்தாரு. அவர்கிட்டயும் சொன்னேன். ரெஸ்ட் எடும்மான்னாரு. யாரும் எழுதிக்கல." என் முகத்தைப் பார்த்தாள். "நான் தமிழ்லதானே மேடம் சொன்னேன்."

அவள் என்ன சொன்னாள் என்று ரமோன் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கஸ்தூரியின் கணவர் யாரிடமும் சொல்லாமல் போய் எங்களுக்கு டீ வாங்கி வந்தார்.

விசாரணை முடிவைத் தெரிந்துகொள்ள நீங்கள் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். கஸ்தூரியின் வேலை போகவில்லை. கை ஆறியதும் தரம் பார்க்கிற பகுதிக்கு மாற்றினார்கள். ரமோனை அவருடைய கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது, இங்கிருந்து போகும்போது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு அடுத்த வருடம் அங்கே வகுப்பு இல்லை. மகள் படித்து முடித்துவிட்டாள், எப்படியோ ஓடியது. சூப்பர்வைசருக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது விசாரணை நடந்த விதத்தை.

மீட்டிங் ரூமில்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். மேசையின் ஒரு பக்கம் எச்.ஆர்., இன்னொரு பக்கம் ரமோன், ஓரத்தில் கஸ்தூரி. மொழிபெயர்ப்புக்காக நான். ரமோனைப் பேசச் சொன்னதும் அவர் எழுந்து நின்றார்.

"இங்கே எனக்குப் பேச வராது. மெஷினிடம் போக வேண்டும்" என்றார்.

எச்.ஆர். என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அந்த அதிகாரி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார், மற்றவர்களும் எழ வேண்டியதாயிற்று. லைன் ஓடிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் எல்லோரும் வரிசையாக நடந்தோம். ரமோன் சுவரில் சாய்ந்திருந்த கதவின் மேல் கையை வைத்தார். அந்த வீட்டில் சொன்ன அதே நான்கு வாக்கியங்களைச் சொன்னார். கதவு இல்லாமலும் மெஷின் ஓடும்படி ஒயரை மாற்றியதையும் சேர்த்துக்கொண்டார்.

மெஷினை ஓட்டச் சொன்னது யார் என்று அதிகாரி அவரிடம் கேட்டார்.

"நான் அப்போது இங்கே இல்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். அவளைக் கேளுங்கள், அவள் இருந்தாள்" என்றார் ரமோன்.

அதற்குள் எச்.ஆர். முந்திக்கொண்டார். வேர்த்திருந்தது அவருக்கு. எப்படியாவது அந்த இடத்தை விட்டு எல்லோரையும் கிளப்பினால் போதும் என்று இருந்தார்.

"அதான் அவரே சொல்லிட்டாரேம்மா. உன் மேல ஒண்ணும் இல்ல, முடிஞ்சு போச்சு. அவர் ஸ்டேட்மென்ட்டுக்குக் கீழ நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு. இடது கையால போட்டாலும் பரவால்ல. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

என்ன பேசுகிறார்கள் என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். அவர் கஸ்தூரியைப் பார்த்தார். எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். போட்டுவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். வேலை தப்பிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று என் மனதுக்குள்ளும் ஓடியது. ஒளிப்பானேன், போட்டுத் தொலையேன்டி என்றுகூட நினைத்தேன்.

கஸ்தூரி எச்.ஆர். பக்கம் திரும்பினாள்.

"அவர் சொன்னதுக்குக் கீழ நான் போட மாட்டேன் சார். அவர் சொன்னது அவருது. நான் மொத நாளே சொன்னேனே, அத என் பேர்ல தனியா எழுதுங்க. அப்புறம் போடறேன்."

"அதே விஷயம்தானம்மா?"

"அதே விஷயம் இல்ல சார். ஓட்டுன்னு சொன்னது அதுல இல்ல. அதுவும் இல்லாம, நான்தான் முன்னாடி சொன்னேன்."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். முதலில் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒரு நாற்காலி வந்தது. தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுத முடியவில்லை. ரமோன் சுவரில் சாய்ந்திருந்த அந்தக் கதவைத் தூக்கி வந்து என் முன்னால் இரண்டு பெட்டிகளின் மேல் படுக்க வைத்தார். அதன்மேல் வைத்து எழுத ஆரம்பித்தேன்.

என் பேரு கஸ்தூரி என்று தொடங்கினாள். மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னாள். அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதினேன். ஒரு வாக்கியத்தையும் இன்னொன்றோடு சேர்க்கவில்லை, எதையும் அழகாக்கவில்லை. உங்களிடம் யாராவது இப்படி ஒரு தாளை நீட்டினால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, எழுத்து கோணலாகப் போனது. சூப்பர்வைசர் பெயர் வந்த இடத்தில் என் பேனா கொஞ்சம் தயங்கியது. எச்.ஆர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதி முடித்துவிட்டால் போதும் என்று நான் வேகத்தைக் கூட்டியதைக் கஸ்தூரி கவனித்துவிட்டாள். சொல்வதை நிறுத்தி, என் பக்கம் குனிந்தாள்.

"நிதானமா எழுதுங்க மேடம்" என்றாள். "நான் எங்கயும் போகப் போறதில்ல."